நட்டுக்கு ஒரு பச்சைப் பொட்டு

"தூங்கினாங்களா?"

ஸ்டீரிங் வேலை முடிந்த வண்டி முதல் ஓட்டம் போய்த் திரும்பியதும், அந்தப் பட்டறையில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கேட்பது, பட்டறையை நடத்துகிற அண்ணன் தங்கையின் அம்மாவைப் பற்றி.

அது அப்பா போட்ட சட்டம். ஸ்டீரிங்கில் கை வைத்தவர், தன் வீட்டு ஆள் ஒருவரைப் பின் சீட்டில் ஏற்றித்தான் முதல் ஓட்டம் விட வேண்டும். "ஊரான் வீட்டுப் பிள்ளை ஏறப் போற வண்டி. முதல்ல நம்ம வீட்டு உசுரு ஏறி இறங்கட்டும்" என்பார். ஓடி வந்தபின் வண்டியைத் தூக்கி, நட்டுகளை மறுபடி சோதித்து, ஒவ்வொன்றிலும் தன் நிறத்தில் ஒரு பெயிண்ட் பொட்டு. பொட்டு வைத்துவிட்டால் அந்த வேலைக்கு அவர்தான் பொறுப்பு. அப்பாவின் நிறம் வெள்ளை. அண்ணனின் நிறம் மஞ்சள். இன்னொரு சட்டமும் உண்டு: மூடின வேலையைத் திரும்பப் பிரித்தால் அதற்குப் பொட்டு கிடையாது.

அப்பா காலத்திலிருந்து பின் சீட்டில் உட்காருவது அம்மா. இரண்டாவது தெரு தாண்டுவதற்குள் வாய் லேசாகத் திறந்து தூங்கிவிடுவாள். அம்மா தூங்கினால் வேலை சுத்தம். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "என்னமோ ஒரு பக்கமா இழுக்குதுடா" என்றாள். பிரித்துப் பார்த்தால் ஒரு நட்டு பாதிதான் ஏறியிருந்தது. அன்றைக்கு அப்பா ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

தங்கைக்கு நிறம் இல்லை. பதினோரு வருஷமாக அண்ணனோடு அதே பட்டறையில் இருக்கிறாள். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டி ஊருக்குள் வர ஆரம்பித்தபோது, மூன்று மாதம் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள் அவள்தான். பெரிய பேட்டரி, ஆரஞ்சு நிற ஒயர், கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் அவள் கை. ஆனால் ஸ்டீரிங் மட்டும் அண்ணன். அவள் டார்ச் பிடிப்பாள். வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒரு சின்ன டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கி அலமாரியில் வைத்தாள். அது மூடி திறக்காமலே இருந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் டாக்ஸிக்காரர் ஒருவர் வந்தார். ஊரில் எந்தத் தெருவில் எத்தனை பள்ளம் என்று விரல் விட்டுச் சொல்வார். அதனால் அவருக்குப் பெயரே 'பள்ளம்'. அவருடையது எட்டு வருஷத்து ஹைபிரிட்.

"அண்ணே, வண்டி பேசுது."

"என்ன பேசுது?" என்றார் அண்ணன். அவருடைய வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. ஏணியிலிருந்து விழுந்து தோளில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பள்ளத்துல இறங்கினா ஒரு 'டக்'. ஏறினா ரெண்டு 'டக்'. ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்கிற கட்டை விரலுக்கே தெரியுது."

தங்கை வண்டியை லிப்டில் ஏற்றினாள். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினாள். ஆடக் கூடாத அளவு ஆடியது. ஸ்டீரிங் ராக் என்பது இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவில் படுத்துக் கிடக்கிற பல் வைத்த கம்பி. ஸ்டீரிங்கைத் திருப்பினால் அது நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும். அதன் இரு முனையிலும் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் உறை. இடது உறையை அவள் அமுக்கினாள். பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

"இந்த ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

"போன தடவை ஆயில் மாத்தினப்ப."

"அதுக்கும் முந்தின தடவை. அப்பவே மாத்தியிருந்தா அரை நாள் வேலை. இப்ப தண்ணி உள்ள போய், கிரீஸ் வெளிய போய், பல்லெல்லாம் துரு. ஈறு போனப்புறம் பல்லைத் தேய்ச்சு என்ன பிரயோஜனம்?"

"என்னைச் சொல்றியா, வண்டியைச் சொல்றியா தங்கச்சி?"

"ரெண்டு பேரையும்தான்."

அண்ணன் இடது கையால் டார்ச் அடித்துப் பார்த்தார். "ராக் முழுசா மாத்தணும். என் கை இப்படி இருக்கு. கம்பெனி சர்வீசுக்கு விட்டுருங்க."

"விட்டா மூணு வாரமாம். வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு டயாலிசிஸ்காரங்க மூணு பேரை ஆஸ்பத்திரியில விடணும்ணே. வாரத்துல மூணு நாள் அவங்களுக்கு நான்தான் காலு."

"நான் போடறேன்" என்றாள் தங்கை.

அண்ணன் டார்ச்சை அணைத்தார். "பேட்டரி வேலை தெரியும், சரி. ஸ்டீரிங்?"

"பதினோரு வருஷமா உனக்கு டார்ச் பிடிக்கிறேன். உன்னைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். உனக்கு உன் கையே மறைக்கும்."

'பள்ளம்' சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"பொட்டு?" என்று அவளே கேட்டாள்.

"ஒழுங்கா முடிச்சா உன் பச்சை. இல்லைன்னா என் மஞ்சள்ல மூடிட்டு, இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி."

"பின் சீட்ல யாரு? மாப்பிள்ளையா?"

"அவருக்கு ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே குமட்டும். அம்மா வரட்டும்."

அன்றைக்கே ஆரம்பித்தாள். சின்ன பேட்டரியின் இணைப்பைக் கழற்றினாள். பின்பக்கம் பெரிய பேட்டரியின் மேல் இருந்த, கரண்டைத் துண்டிக்கிற ஆரஞ்சு நிறப் பிடியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அவள் பாக்கெட்டில் இருக்கிற வரைக்கும் வேறு யாரும் அதைத் தவறி மாட்டிவிட முடியாது. பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன, தியானமா?" என்றார் 'பள்ளம்'.

"உள்ள மிச்சமிருக்கிற கரண்ட் இறங்கணும். பத்து நிமிஷம். அவசரப்பட்டா அது இறங்காது, நான் ஏறிடுவேன்."

"எங்க?"

"மேலே."

பத்து நிமிஷம் கழித்து எழுந்தாள். சக்கரத்தை நேராக்கி, ஸ்டீரிங்குக்கும் அதன் கீழ்மூடிக்கும் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டி நடுவில் பிளேடால் கீறினாள். இரண்டு பாதியும் ஒரே கோட்டில் நின்றால் ஸ்டீரிங் அசையவில்லை என்று அர்த்தம். அதன் மேல் காப்புக்குக் காப்பாக, டிரைவர் சீட் பெல்ட்டை ஸ்டீரிங்கின் கீழ்க்கம்பிக்குள் நுழைத்து, இரண்டு திருகு திருகிப் பூட்டினாள். ராக்கைக் கழற்றிய பிறகு ஸ்டீரிங்குக்குக் கீழே பிடிமானம் கிடையாது, தொட்டால் சுழலும். அதற்குள் ஒரு சுருள் ஒயர் இருக்கிறது. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் அதுதான் கரண்ட் கொண்டு போகிறது. இடம் இரண்டரை, வலம் இரண்டரை சுற்றுத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் அறுந்துவிடும்.

சாயங்காலத்துக்குள் பழைய ராக் வெளியே வந்தது. வியாழக்கிழமை மதியம் புது ராக் பெட்டியில் வந்தது. ஆள் இல்லாதபோது வண்டி மேலே நிற்கக் கூடாது. அதனால் சக்கரங்களைக் கையால் மாட்டி வண்டியைத் தரைக்கு இறக்கிவிட்டு, அண்ணனும் தங்கையும் உள்ளறை மேஜையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். அப்போது அம்மா சாப்பாட்டு அடுக்குடன் வந்தாள்.

"எங்கேடா உட்கார்றது? ஒரு நாற்காலி இல்லை, ஒரு பலகை இல்லை. எனக்குக் கால் கடுக்குது."

"வண்டியில உட்காரும்மா" என்றார் அண்ணன், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அரை மணி நேரம் கழித்து அவர்கள் கை கழுவிக்கொண்டு வந்தபோது அம்மா வண்டிக்கு வெளியே நின்று, அடுக்கின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு ஆறிடுச்சு. இரும்பைக் கட்டிக்கிட்டு அழுங்க ரெண்டு பேரும்."

சாப்பிட்டதும் தங்கை வண்டியைத் தூக்கி, புது ராக்கை மாட்டினாள். முனையிலிருந்து முனைக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, ஸ்டீரிங் தண்டோடு சேர்த்தாள். அளவான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு நட்டுக்கும் 'சொடக்' என்றது. அண்ணன் ஒவ்வொரு சொடக்குக்கும் தலையை ஆட்டினார். டார்ச் இப்போது அவர் கையில் இருந்தது.

"கொஞ்சம் இடது பக்கம் அடி" என்றாள் தங்கை.

"எனக்கே சொல்றியா?"

"டார்ச் பிடிக்கிறவங்க பேசக் கூடாது. நீ சொன்னதுதான்."

நாலரை மணிக்கு எல்லாம் மூடி, வண்டியை இறக்கியாயிற்று. பேட்டரியை இணைத்து, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. 'பள்ளம்' வந்து சாவியைக் கையில் சுழற்றியபடி நின்றார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பின் கதவுப் பக்கம் வந்தாள். தங்கை ஸ்டீரிங்கைக் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

பெல்ட்டில் ஒரு திருகுதான் இருந்தது.

"அண்ணா, இதை யாராவது அவிழ்த்தீங்களா?"

"நான் ஏன் அவிழ்க்கறேன்?"

"நீங்க?"

"வண்டிப் பக்கமே நான் இப்பத்தான் வர்றேன் தங்கச்சி."

அம்மா அடுக்கின் கிண்ணங்களை எண்ணுவதுபோல விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"டேப்பைப் பாரு, கோடு கோட்டோட நிக்குது" என்றார் அண்ணன். "சக்கரம் நேரா இருக்கு, ஸ்டீரிங் நேரா இருக்கு. அப்புறம் என்ன?"

"முழுசா ஒரு சுத்து சுத்தி வந்து நின்னாலும் கோடு கோட்டோடதான் நிக்கும். வெளியே நேராத் தெரியும். உள்ள சுருள் ஒரு சுத்து தள்ளி நிக்கும். ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. என்னிக்கு ஒரு நாள் ஸ்டீரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிக்கிறாரோ, அன்னிக்கு அறுந்துடும்."

"தினமும் ஒடிப்பேனே" என்றார் 'பள்ளம்'. "ஆஸ்பத்திரி வாசல்ல இடது பக்கம் ஒரு வளைவு. கடைசி வரைக்கும் ஒடிச்சாத்தான் வண்டி உள்ள போகும்."

"நீயே ஒரு திருகு போட்டுட்டு ரெண்டுன்னு நினைச்சிருப்பே" என்றார் அண்ணன்.

"நான் ரெண்டுதான் போடுவேன்."

"பிரிச்சா பொட்டு கிடையாது. தெரியும்ல?"

தங்கை அலமாரியில் பச்சை டப்பா இருந்த திசையில் ஒரு தரம் பார்த்தாள். 'பள்ளம்' சாவி சுழற்றுவதை நிறுத்தினார்.

"தெரியும்" என்றாள். ஸ்பேனரை எடுத்தாள்.

ஏர்பேக்கைக் கழற்றி, முகம் மேலே பார்க்க பெஞ்சில் வைத்தாள். ஸ்டீரிங்கை உருவினாள். சுருள் ஒயரின் கூட்டை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் கழுத்தைத் திருப்புவதுபோல மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். வாய்விட்டு எண்ணினாள்.

"ஒண்ணு. ஒண்ணே கால். ஒண்ணரை."

நின்றுவிட்டது. வலப்பக்கம் திருப்பினாள். முழுசாக ஐந்து சுற்று ஓடி நின்றது. நடுவில் இருந்திருந்தால் இடப்பக்கம் இரண்டரை வந்திருக்கும்.

"ஒரு சுத்து தள்ளி" என்றாள். குரலில் ஜெயித்த தொனி இல்லை. "இவர் இடது பக்கம் முழுசா ஒடிச்சிருந்தா, கடைசிக் கால் சுத்துல போயிருக்கும். ஹாரனும் போச்சு, ஏர்பேக்கும் போச்சு."

சாப்பாட்டு அடுக்கு 'டங்' என்று தரையில் வைக்கப்பட்டது.

"நான்தான்டி" என்றாள் அம்மா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"மதியம் உட்காரச் சொன்னானே, அப்ப. அந்த பெல்ட் வயித்தை அமுக்குச்சு, அவிழ்த்தேன். அப்புறம்…"

"அப்புறம்?"

"நாப்பது வருஷமா பின் சீட்லயே உட்கார்ந்திருக்கேன். ஒரு நாளாவது முன்னாடி உட்கார்ந்து பிடிச்சுப் பார்த்தா என்னன்னு தோணுச்சு. பிடிச்சேன். வெண்ணெய் மாதிரி சுத்துச்சுடி. வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் மூணு. கடைத்தெரு போனேன். பாலம் ஏறினேன். உங்க சித்தி வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"எதிர்ல லாரி எதுவும் வரலையா?" என்றார் அண்ணன்.

"சும்மா இருடா. உங்க பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, கோட்டைக் கோட்டோட சேர்த்து வச்சு, பெல்ட்டை அவசரமா ஒரு திருகு திருகி மாட்டிட்டு இறங்கிட்டேன். இந்த வயசுல விளையாடினேன்னு எப்படிச் சொல்றது? வெட்கமா இருந்துச்சு. இப்ப சொல்லலைன்னா அது தப்பாயிடும்."

தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. கை முழுக்க கிரீஸ் இருந்ததால் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சித்தி வீட்டுல என்ன சொன்னாங்க?"

"ஆளே இல்லை, பூட்டியிருந்துச்சு" என்றாள் அம்மா, கூசாமல்.

'பள்ளம்' தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தங்கை சுருளை ஒரு முனை வரை திருப்பி, அங்கிருந்து இரண்டரை சுற்று எண்ணி நடுவில் நிறுத்தினாள். அடையாளக் குறிகள் நேருக்கு நேர் வந்தன. ஸ்டீரிங்கை மாட்டி, ஏர்பேக்கை மூடி, ஆரஞ்சுப் பிடியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சொருகினாள். பேட்டரியை இணைத்து ஸ்கேனரில் ஸ்டீரிங் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். எச்சரிக்கை விளக்கு ஒவ்வொன்றாக அணைந்தது.

"பொட்டு மஞ்சள்லயே இருக்கட்டும்ணா" என்றாள். "வேலை சரியா இருக்கு. அது போதும்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, உங்கப்பா என்ன சொன்னார்? 'ஓடி வந்த வண்டியைத் திரும்பப் பிரிச்சா'ன்னுதானே சொன்னார்? இது இன்னும் வாசலையே தாண்டல."

"'மூடின வேலையை'ன்னு சொன்னார்மா."

"அவர் அதைச் சொன்னப்ப நீ எங்க இருந்தே?"

"நானா?"

"என் இடுப்புல இருந்தே, மூக்கை ஒழுக்கிக்கிட்டு. எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டான்."

"குத்தவாளியே தீர்ப்பும் சொல்றாங்க" என்றார் 'பள்ளம்'.

அண்ணன் டார்ச்சை ஒரு தரம் எரியவிட்டு அணைத்தார். "அம்மா சொல்றது நிஜமோ பொய்யோ, அது இருக்கட்டும். நான்னா இதைப் பிரிச்சிருக்க மாட்டேன். கோடு சரியா இருக்குன்னு அனுப்பியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போயிட்டு வாங்க. அம்மா தூங்கினாப் பார்ப்போம்" என்றார்.

'பள்ளம்' ஓட்ட, பக்கத்தில் தங்கை, பின்னால் அம்மா. முதலில் அலைன்மென்ட் கடை. சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்த ஆளிடம் அம்மா கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: "ராக்கு மாத்தினது என் பொண்ணு."

"அப்படியா அம்மா?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. யாருக்குமே தெரியாத தப்பு. பெல்ட்டைப் பார்த்தே கண்டுபிடிச்சா."

"யாரும்மா பண்ணின தப்பு?"

"அது நான்தான்" என்றாள் அம்மா, பரிசு வாங்கினவள் மாதிரி.

அங்கிருந்து 'பள்ளம்' தனக்குத் தெரிந்த பள்ளங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. தேடிப் போய் இறக்கினார்.

"கேட்குதா தங்கச்சி?"

"என்ன?"

"ஒண்ணும் கேட்கலையே. அதைத்தான் கேட்குதான்னு கேட்கிறேன்."

ஆஸ்பத்திரி வாசல் வளைவு வந்தது. தங்கை கையை மடியில் கோத்துக்கொண்டாள். 'பள்ளம்' ஸ்டீரிங்கை இடது பக்கம் கடைசி வரைக்கும் ஒடித்தார். ஓசையில்லாமல் போய் நின்றது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஹாரனை ஒரு தரம் லேசாகத் தட்டினார், அடித்தது. வாசல்காரர் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தது அவர் தப்பு. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"தூங்கினாங்களா?"

"இல்லை" என்றாள் தங்கை.

அண்ணன் முகம் மாறியது. "ஏன், எங்கேயாவது இழுக்குதா?"

"எங்கேண்ணே தூங்கறது" என்றார் 'பள்ளம்' இறங்கியபடி. "அலைன்மென்ட் கடையில ஒரு தரம், ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு தரம், சிக்னல்ல பக்கத்துல நின்ன ஸ்கூட்டர்காரர்கிட்ட ஒரு தரம். பெருமை பேசி முடிஞ்சாத்தானே கண்ணை மூட? நாளைக்குக் காலையில என் மூணு பேஷண்டையும் தைரியமா ஏத்துவேன்."

வண்டியைத் தூக்கி, முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். தங்கை நட்டுகளை மறுபடி சோதித்தாள். எல்லாம் வைத்த இடத்திலேயே நின்றன. அண்ணன் அலமாரியிலிருந்து பச்சை டப்பாவைக் கொண்டுவந்து, முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினார். பதினோரு வருஷம் திறக்காத மூடி மூன்றாவது நெம்பலில் வந்தது. மேலே ஆடை கட்டிக் கெட்டியாகியிருந்தது. குச்சியால் அதைக் கிழித்ததும், அடியில் பெயிண்ட் ஈரமாகவே இருந்தது.

"ம்" என்று நீட்டினார். டார்ச்சையும் அவரே பிடித்தார்.

தங்கை ஒவ்வொரு நட்டாகப் பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டு வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் வந்தாள். "எங்கேடி? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உள்ள தள்ளி இருக்கும்மா. சக்கரத்தை மாட்டி இறக்கிட்டா வெளியில யாருக்குமே தெரியாது."

"தெரியாட்டி என்ன," என்றாள் அம்மா, "நான் சொல்லிக்கிறேன்."